கேட்காமல் எடுத்த முகம்

கெலிஓயாக் கடைத்தெருவில், மர்சூக் நானாவின் தேநீர்க் கடை வாசலில் குந்தியபடி யாகப்பர் ஒரு மனிதனின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே அரிசிக் கிட்டங்கி. லொறியிலிருந்து மூட்டை இறங்குகிறது. சுமக்கிறவனின் பெருவிரல் மண்ணில் எப்படி அழுந்துகிறது, குதிகால் எந்த நேரத்தில் எழும்புகிறது என்று பார்த்துப் பார்த்து, மடியில் கிடக்கும் தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் இழுக்கிறார். பக்கத்தில் தேநீர் ஆறிப்போய்விட்டது. அதற்குக் கடித்துக்கொள்ளக் கொடுத்த கித்துள் கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கரித்துண்டை வாயில் போட்டுக் கடிக்கிறார். துப்பிவிட்டு மறுபடியும் காலைப் பார்க்கிறார்.

"மொதல்ல கால் நிக்கணும், வாத்தியார்," என்பார் என்னிடம். "கால் தரையில நின்னுட்டா மத்ததெல்லாம் தானா மேல வந்து ஒக்காந்துக்கும். மொகம் கடைசி. மொகத்துல ஆரம்பிக்கிறவன் பொம்மதான் செய்வான்."

நான் கண்டியில் பள்ளிக்கூடத்து வாத்தியார். விடுமுறை நாட்களில் இந்த மனிதரோடு சுற்றுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கட்டுக்கலையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் தனியாக இருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தோட்டத்துத் துரை யாரோ கழித்துப் போட்ட கறுப்புக் கோட்டு ஒன்று வெயிலோ மழையோ உடம்பை விட்டு இறங்காது. வலது பையில் கரி, இடது பையில் துணியில் சுற்றிய தூரிகைகள். கோட்டின் கையை முழங்கை வரைக்கும் மடித்திருப்பார். அந்த முழங்கை வரைக்கும் தவிட்டு நிறத்தில், செம்மண் நிறத்தில், ஈரத் தேயிலை நிறத்தில் கோடு கோடாக வர்ணம் காய்ந்திருக்கும். மனிதத் தோலின் நிறத்தைக் கலக்கும்போது அதைத் தன் தோலில் வைத்துத்தான் சரிபார்ப்பார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் இருந்தாலும் ஜனங்கள் நின்றுகொண்டே வருவார்கள். ஏதோ தோல் வியாதி என்று நினைப்பு.

அவர் யாரையும் கதிரையில் உட்கார வைத்து வரைவதில்லை. "ஒக்கார வச்சா மனுசன் பொய் சொல்லுவான். சட்டையை இழுத்து விட்டுக்குவான், தலைய வாரிக்குவான். வேல செய்றப்ப பொய் சொல்ல அவனுக்கு நேரம் ஏது?" என்பது அவர் கட்சி. ஆகவே மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்கு இவரே போய்விடுவார். கட்டுகஸ்தோட்டையில் ஆற்று மணல் அள்ளுகிறவர்கள், கண்டி ஸ்டேஷனில் பெட்டி தூக்குகிறவர்கள், சந்தைக்குக் கூடை சுமந்து வரும் பெண்கள், எல்லோரும் அவருடைய பலகைகளில் இருக்கிறார்கள். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மடவளையில் பாய் பின்னிக்கொண்டிருந்த பெண்களை வேலியோரமாக நின்று வரைந்ததற்கு, அந்த வீட்டு ஆண்கள் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். "நல்லா எரிஞ்சிருக்கும், காஞ்ச பலக," என்றார் இவர். தான் செய்தது தப்பு என்ற எண்ணம் அவருக்கு மருந்துக்கும் இல்லை. எனக்கு அன்றைக்கே அவர்மேல் கோபம்தான்.

மர்சூக் நானா கெட்டிக்காரர். கடை வாசலில் இருக்க இடமும் தேநீரும் கொடுத்து, ஒரே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"என்ட மொகத்த மட்டும் கீற வாணாம், படக்காரரே. மறுமைல, இதுக்கு உசிரு குடுன்டு அல்லாஹ் கேட்டா நீங்க என்னத்தச் செல்லுவீங்க?"

"அதத்தான் நானா இப்பவே குடுத்துப் பாக்குறேன்."

நானா சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக, "கைன்டா பரவாயில்ல. மொகந்தான் வாணாம்," என்றார். தேநீர் ஆற்றும் அந்தக் கை இப்போது சிலுவைத் தீர்ப்புச் சொல்லிக் கை கழுவும் பிலாத்துவுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு ஒரு கோயில் படத்தில் தொங்குகிறது. நானா அதைப் பார்க்கப் போனதில்லை. ஆனால் கடைக்கு வருகிற கிறிஸ்தவ வேதக்காரர்களிடம், "என்ட கை எப்பிடி ஈக்குது?" என்று விசாரிப்பதாகக் கேள்வி.

இந்தப் பைத்தியம் யாகப்பருக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார். கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். தோட்டத்துச் சிற்றாலயத்தில் சீமையிலிருந்து வந்த படம் ஒன்று இருந்தது. அவருடைய பெயர்ப் புனிதரான யாகப்பரின் படம். கையில் கோல், தோளில் பை, ரோஜாப்பூ நிறத்தில் பாதம். "ஊர் ஊரா நடந்தே போனவராம் அவரு. கால்ல ஒரு வெடிப்பு இல்ல, வாத்தியார்! எங்கம்மா கொழுந்து மலையில ஏறி ஏறி, ராத்திரி குப்பி விளக்குல காலக் காட்டி வெடிப்புக்குள்ள மெழுகு காச்சி ஊத்திக்கிறத நான் தெனம் பாக்குறேன். இந்த மனுசன் என்னத்த நடந்தாரு?" யாகப்பர் அடுப்புக் கரியை எடுத்துக்கொண்டு போய், புனிதரின் குதிகால் இரண்டிலும் வெடிப்புப் போட்டார். வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பிரம்பெடுத்து விளாசினார். அடி வாங்கிக்கொண்டே படத்தைப் பார்த்தாராம். இப்போதுதான் அந்தப் புனிதர் நடந்து வந்தவர் மாதிரி இருந்தாராம்.

பிறகு நாடகக் கொம்பனிக்குத் திரை எழுதினார். அப்புறம் கண்டியில் ஒரு ஸ்டூடியோவில், போட்டோவுக்குக் கையால் வர்ணம் தீட்டும் வேலை. கல்யாணப் பெண்ணின் படம் வந்தால், "நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடு," என்பார்களாம். ஒரு பெண்ணை அவள் இருந்தபடியே நல்ல மாநிறத்தில் தீட்டிக் கொடுத்துவிட்டார். பெண்ணுக்குப் பிடித்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். ஸ்டூடியோக்காரர் கோபித்துக்கொள்ள, "மனுசனுக்கு வெள்ளையடிக்க நான் என்ன சுண்ணாம்புக்காரனா?" என்று கேட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இனிச் சொல்லப் போவதை நிதானமாக எழுத வேண்டும் என்று இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நிதானம் வரவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

கெலிஓயாவுக்கு மேலே மேட்டில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு படங்களாகச் சுவர் நெடுக மாட்டி, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று செபிப்பது வேதக்காரர் வழக்கம். அந்தப் பதினான்கு படங்களையும் எழுதும் வேலை யாகப்பருக்குக் கிடைத்தது. படத்துக்கு ஓர் உபயகாரர். நம் ஜனங்களுக்குக் குத்துவிளக்கு ஒன்று கொடுத்தாலும் அதில் தன் பெயரை வெட்டிக் கொடுக்க வேண்டும். சைவரானாலும் வேதக்காரரானாலும் இந்த விஷயத்தில் ஒரே சமயம்தான். இங்கே பெயர் மட்டும் போதவில்லை. உபயகாரர்களுக்கு முகமும் படத்தில் வர வேண்டுமாம். ஆண்டவரின் முகத்தைத் துடைக்கும் பெண்ணுக்குத் தன் மனைவியின் முகம் வேண்டும் என்றார் ஒருவர். அழுகிற எருசலேம் பெண்களாகத் தன் மூன்று மகள்களும் வர வேண்டும் என்றார் இன்னொருவர். சாட்டை பிடித்த சேவகனுக்கும் ஆணி அடிக்கிறவனுக்கும் முகம் கொடுக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. "அதுக்கு யாராச்சும் கூலியாள் மூஞ்சியப் போட்டுக்குங்க," என்றார் கோயில் மூப்பர் ஒருவர்.

நான் அங்கே இருந்தேன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். யாகப்பர் ஆணி அடிக்கிறவனுக்குத் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். "என் மூஞ்சி சும்மாதான கெடக்கு," என்றார்.

மற்ற உபயகாரர்களைக் கூட்டத்தில் ஒரு தலை, தூரத்தில் ஒரு தலைப்பாகை என்று எப்படியோ சமாளித்தார். அரிசிக் கிட்டங்கி முதலாளி சவரிராயரைச் சமாளிக்க முடியவில்லை. அவருடையது ஐந்தாம் படம். ஆண்டவருக்குச் சிலுவையைச் சுமந்து உதவிய சீரேன் ஊர் சீமோன் வரும் படம். அந்தச் சீமோன் தாமாகவே இருக்க வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லிவைத்திருந்தார்.

"வாங்க மொதலாளி. வந்து தூக்குங்க," என்றார் யாகப்பர்.

கோயில் கூரைக்கு வந்திருந்த மரத்துலாம் ஒன்று முற்றத்தில் கிடந்தது. சவரிராயர் சரிகைக் கரை வேட்டியும் கோட்டும் சங்கிலி போட்ட கடிகாரமுமாக வந்தார். இரண்டு ஆட்கள் துலாத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, முன்பக்கத்தைத் தோளில் வாங்கி, போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரிச் சிரித்தார்.

"பின்னால புடிச்சிருக்கிறவங்கள விடச் சொல்லுங்க, மொதலாளி."

விட்டார்கள். துலாம் கீழே விழுந்தது. சவரிராயர் நல்ல வேளையாகத் தாவி விலகிக்கொண்டார்.

"எனக்கு இடுப்பு வலி இருக்கிறது ஒங்களுக்குத் தெரியாதா? மொகத்தப் பாத்துக்கிட்டீங்கல்ல? அது போதும். பாரத்த நீங்களே போட்டுக்குங்க!" என்று சொல்லிவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு போனார். தம்முடைய பங்கு முடிந்துவிட்டது என்றே அவர் நம்பினார். யாகப்பர் பலகையில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மர்சூக் நானாவின் கடை வாசலில் யாகப்பர் போய்க் குந்தியது அதற்குப் பிறகுதான். எதிரே சவரிராயரின் கிட்டங்கி. அங்கே மூட்டை சுமக்கிறவன் அந்தோனிமுத்து. நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டான். இடது காதின் சோணை கிழிந்திருக்கும். அவனும் அதே கோயிலுக்குத்தான் வருவான், கதவோரத்தில் நிற்பான். வாரக்கணக்காக அவன் காலை வரைந்தார், முழங்காலை வரைந்தார், கழுத்து நரம்பை வரைந்தார். கடைசியில்தான் முகம்.

"பாருங்க வாத்தியார், பாரம் தூக்குறவன் மொகத்துல அழுகையும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. அடுத்த அடிய எங்க வைக்கிறதுன்னு ஒரு பார்வ மட்டும் இருக்கும். அந்தப் பார்வைய நான் சவரிராயர்கிட்ட எப்பிடி எடுக்குறது?"

அந்தப் படத்தை நான் கட்டுக்கலை அறையில் பார்த்தேன். சிலுவையின் முன்பாரத்தை ஆண்டவர் சுமக்கிறார், பின்பாரத்தைச் சீமோன். இரண்டு பேருடைய காலும் ஒரே சேற்றில் ஒரே மாதிரி அழுந்தியிருக்கின்றன. சீமோன் ஆண்டவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கிறான். அடுத்த அடி வைக்க ஒரு கல் இருக்கிறதா என்று தேடுகிறான். எனக்குப் படங்களைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் தோள் தானாகக் குனிந்ததை உணர்ந்தேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்தபின் மூப்பர்கள் படங்களைப் பார்வையிட்டார்கள். ஐந்தாம் படத்தின் துணியை விலக்கினார்கள். யாரோ ஒரு பெண், "இது நம்ம கிட்டங்கி அந்தோனில்ல?" என்றாள்.

"என் பேரக் கீழ எழுதி, என் கூலிக்காரன் மூஞ்சிய மேல போட்டிருக்கீங்க," என்றார் சவரிராயர்.

"பின்னால நிக்கிறவனக் கொண்டுவந்து முன்னால மாட்டி வச்சிட்டு, நாங்க அவனுக்கு முன்னால முழங்கால் போடணுமா?" என்றார் தலைமை மூப்பர்.

"சீமோன் யாருன்னு நெனச்சீங்க?" யாகப்பரின் சத்தம் கூரையில் முட்டியது. "உபயகாரனா? வயல்ல இருந்து வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தவன மறிச்சு, 'தூக்குடா'ன்னாங்க. தூக்கினான். அவ்வளவுதான்! ஒங்க வேதத்துல அப்பிடித்தான் எழுதியிருக்கு!"

அங்கே ஒருவர்கூடச் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கௌரவமான மனிதர்கள். 'பின்னால நிக்கிறவன்' என்றார்கள். கடலைத் தாண்டி வந்தார்கள், மதமும் மாறினார்கள், மூட்டை முடிச்சோடு அதையும் கட்டிக்கொண்டே வந்தார்கள். யாருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று வாரந்தோறும் கேட்கிறார்களோ, அவருடைய வீட்டிலேயே ஒருவனுக்குக் கதவோரம் என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான். விபூதிப் புதன் கழிந்த முதல் வெள்ளிக்கிழமைக்குள் முகம் மாறாவிட்டால் பதினான்கு படமும் வேண்டாம் என்று தீர்ப்பாகிவிட்டது. யாகப்பர், "மாத்த மாட்டேன்," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வெளியே முற்றத்தில் அந்தோனிமுத்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே நடந்தது அவனுக்கு எட்டியிருந்தது.

"ஐயா, அத அழிச்சிருங்க."

"எதுக்குடா அழிக்கணும்? அது ஒன் மூஞ்சி இல்ல. சீமோன் மூஞ்சி."

"காது என்னோடதுதானுங்களே. இந்தக் கிழிஞ்ச காது இந்தப் பக்கம் வேற யாருக்கு இருக்கு? மொதலாளி என்னைய விட மாட்டாருங்க. ஒங்களக் கும்பிடுறேன்."

"கும்பிடாத! நிமிந்து நில்லு!" என்று யாகப்பர் அவனையே அதட்டினார். நான் குறுக்கே புகுந்து ஏதோ சமாதானம் சொன்னேன். யாகப்பர் கேட்கவில்லை. ஒரு நல்ல படம் எழுதிவிட்ட கர்வத்தில், அந்தப் படத்துக்குள் இருக்கிறவன் வெளியேயும் ஒருவன் இருக்கிறான் என்பது அவர் புத்தியில் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்தோனிமுத்துவுக்குக் கிட்டங்கியில் வேலை இல்லை என்றாகிவிட்டது. அங்கேயே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி பரிமளத்துக்கும் இல்லை. கெலிஓயாவில் வேறு எந்தக் கடைக்காரரும் சவரிராயரைப் பகைத்துக்கொண்டு அவர்களுக்கு வேலை கொடுக்கத் தயாராயில்லை. மர்சூக் நானா மட்டும் கடைக்கு விறகு பிளக்கக் கூப்பிட்டார். ஒரு தேநீர்க் கடைக்கு எத்தனை நாளைக்கு விறகு பிளப்பது?

புதன்கிழமை பரிமளம் கெலிஓயாவிலிருந்து நடந்தே கட்டுக்கலைக்கு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நானும் அங்கே வந்திருந்தேன். நெற்றியில் காலைப் பூசையில் பூசிய சாம்பல் வியர்வையில் கரைந்திருந்தது. யாகப்பர் இருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஒக்கார வரலீங்க. ஒண்ணு கேக்கணும். அவரு மூஞ்சிய எடுக்கும்போது அவரக் கேட்டீங்களா?"

யாகப்பர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஒரு வெத்தில வேணும்னாக்கூட, 'தாயே ஒரு வெத்தில குடு'ன்னு கேட்டுத்தான வாங்குவாங்க? மூஞ்சி என்னாங்க, வெத்திலைய விட மட்டமா? தூரமா ஒக்காந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க. கேட்டிருந்தா, வேணாங்க, வம்பு வரும்னு அவரு சொல்லியிருப்பாரு. எங்களுக்குத் தெரியாதா எங்க நெலம?"

"பரிமளம், அது நல்ல படம்..." என்று யாகப்பர் ஆரம்பித்தார்.

"நல்ல படந்தானுங்க. நான் பாத்தேன். எனக்கு அழுக வந்திருச்சு. அதுல அவரு ஆண்டவருக்கு ஒத்தாச பண்றாரு. அவருக்கு ஒத்தாச பண்ண யாருங்க இருக்கா?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். யாகப்பர் கையில் காய்ந்திருந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இவருக்கு இது வேண்டும் என்றும் இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கெலிஓயாவுக்குப் போனார். நானும் பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டுக் கூடப் போனேன். சவரிராயர் கிட்டங்கியில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"ஒங்க மொகத்தப் போடுறேன், மொதலாளி. அவங்க ரெண்டு பேரையும் வேலைக்குக் கூப்பிடுங்க."

"இந்தப் புத்தி மொதல்லயே இருந்திருக்கலாமே," என்று சவரிராயர் சிரித்தார். "எனக்கு அவன்மேல என்ன கோவம்? நல்ல ஒழைப்பாளி. படம் சரியா வரட்டும், அவனும் வரட்டும்."

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். இத்தனை நாள் வீரம் பேசிவிட்டு இப்படியா காலில் விழுவது, அந்த மனிதனுடைய ஊத்தைக் கர்வத்துக்கு ஆண்டவரின் சிலுவையையா தூக்கிக் கொடுப்பது என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன். யாகப்பர் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கென்ன வாத்தியார், மாசம் பொறந்தா சம்பளம். நீங்க கோவப்படலாம், நானும் கோவப்படலாம். அவன் கோவப்பட்டா அவன் வீட்டுல கஞ்சி இல்ல. பேசாம வாங்க."

கோயிலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தார். ஏதாவது தந்திரம் செய்வார், சவரிராயரின் முகத்தை ஒரு வழி பண்ணிவிடுவார் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. சவரிராயரின் உப்பிய கன்னம், மெழுகு தடவிய மீசை, நன்றாகச் சாப்பிட்ட மனிதனின் திருப்தி எல்லாம் அப்படியே வந்து அந்தோனிமுத்துவின் நரம்பு புடைத்த கழுத்தின்மேல் உட்கார்ந்தன. கிழிந்த காதைக்கூட விட்டுவைக்கவில்லை. தைத்துவிட்டதைப் போல முழுக் காதாக்கிக் கடுக்கனும் போட்டார். பாரம் முழுவதும் கீழே இருந்தது, முகத்துக்கு அந்தப் பாரத்தைப் பற்றி ஒரு சங்கதியும் தெரியவில்லை. மூப்பர்கள் வந்து பார்த்து, "உசிரோட இருக்கு!" என்று மெச்சினார்கள். அந்தோனிமுத்துவும் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சுங்க, ஐயா," என்றான். மனமாரத்தான் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை யார் தலையில் கொட்டுவது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் நிறைந்திருந்தது. முன்னால் பாய் விரித்து உபயகாரர் குடும்பங்கள். பின்னால் வெறுந்தரை. அதற்கும் பின்னால், கதவோரத்தில், நிற்கிறவர்கள். அந்தோனிமுத்துவும் பரிமளமும் அங்கே நின்றார்கள். நான் நடுத்தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். யாகப்பர் கோட்டின் பொத்தான்களையெல்லாம் பூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். அவர் செபத்துக்கு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுவாமியார் சிலுவையை ஏந்தியபடி படம் படமாக நகர்ந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் சனங்கள் முழங்காலிட்டுத் தோத்திரம் சொல்லி, எழுந்து நின்று வாசகம் கேட்டார்கள். யாகப்பரும் எல்லோரையும் போல முழங்காலிட்டார், எழுந்தார். தம் முகமே ஆணி அடிக்கும் படம் இன்னும் வரவில்லை. ஐந்தாவது படம் வந்தது. சவரிராயர் மனைவி மக்களோடு படத்துக்கு நேர் கீழே, கையில் மெழுகுதிரியோடு நின்றார். வெளிச்சம் மேலே இருந்த முகத்திலும் கீழே இருந்த முகத்திலும் ஒன்றாக விழுந்தது. சுவாமியார் தோத்திரத்தைத் தொடங்க, கோயில் முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்து முழங்காலிட்டது. கதவோரத்தில் இருந்தவர்களும் முழங்காலிட்டார்கள். யாகப்பர் மட்டும் நின்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். சுவாமியார் வாசகத்தை எடுத்தார். அப்போதுதான் யாகப்பர் அசைந்தார். படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில், வெறுந்தரையில், கதவுப் பக்கமாகப் பார்த்து இரண்டு முழங்கால்களையும் ஊன்றினார். வர்ணம் காய்ந்த கைகளைக் கூப்பி, அந்தோனிமுத்துவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

வாசகம் ஓரிடத்தில் தடுக்கி நின்று, பிறகு தொடர்ந்தது. முன்பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சவரிராயரின் மெழுகுதிரி கையில் சாய்ந்து மெழுகு ஒழுகியது. யாகப்பர் எழவில்லை.

அந்தோனிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படக்காரர் யாரையோ பெரிய மனிதரைக் கும்பிடுகிறார், தான் வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்து, அவசரமாக ஓர் ஓரமாக ஒதுங்கி, தன் பின்னால் யார் வந்து நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தான்.